வளைச்ச கம்பி ஏன் அதே எடத்துல நிமிர மாட்டேங்குது?

"கட்டுக்கம்பிய ஒரு தடவ மடக்கிட்டா திரும்ப நேராக்கவே முடியல, மடக்குன எடம் அப்படியே நிக்குது, பக்கத்துல புதுசா ரெண்டு வளைவு விழுது, ஏன்?"னு ஒருத்தர் கேட்டிருந்தார். எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. கைல ஒரு துண்டு கம்பி எடுத்துக்கிட்டே படிங்க.

லேசா வளைச்சு விட்டா திரும்பிடும், அது எலாஸ்டிக், ஸ்கூல்ல படிச்சதுதான். கொஞ்சம் அழுத்திட்டா திரும்பாது, அந்த எல்லைதான் யீல்டு, சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கு (கார்பன் கம்மியான சாஃப்ட் ஸ்டீல்) சுமார் 250 மெகாபாஸ்கல். மெகாபாஸ்கல்ங்கறது ஒரு பரப்பு மேல எவ்ளோ விசை விழுதுன்னு சொல்ற அலகு, ஆயிரம் மெகாபாஸ்கல் ஒரு ஜிகாபாஸ்கல். இதுல நெறைய பேரு கொழப்பிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு, ஸ்ட்ராங்கான ஸ்டீல்னா கம்மியா வளையும்னு நினைக்கிறாங்க. கிடையாது. சாஃப்ட் ஸ்டீலோ ஹார்டு ஸ்டீலோ, எலாஸ்டிக் மாடுலஸ், அதாவது லேசா வளைக்கும்போது எவ்ளோ எதிர்த்து நிக்கும்ங்கற அளவு, ஏறக்குறைய ஒண்ணுதான், 200 ஜிகாபாஸ்கல் பக்கம். ஒரே எடைய வச்சா ரெண்டும் ஒரே அளவுதான் வளையும், எது எப்ப நிரந்தரமா வளைஞ்சு போகும்ங்கறதுலதான் வித்தியாசம்.

சரி, நிரந்தரமா வளையும்போது உள்ள என்ன நடக்குது? அணுக்கள் வரிசை வரிசையா அடுக்கியிருக்கு, ஒரு அடுக்கு இன்னொண்ணு மேல வழுக்குது. மொத்த அடுக்கும் ஒரே நேரத்துல வழுக்கணும்னா எவ்ளோ விசை வேணும்னு 1926ல ஃப்ரெங்கல்ங்கற இயற்பியலாளர் கணக்குப் போட்டார். இரும்புக்கு அந்தக் கணக்குப்படி 10 ஜிகாபாஸ்கலுக்கு மேல வருது, ஆனா சுத்தமான இரும்புப் படிகம் அதுல நூத்துல ஒரு பங்கு கூட தாங்காம வளைஞ்சுடுது!

இது ஏன்னு 1934ல டெய்லர், ஒரோவன், போலன்யினு மூணு விஞ்ஞானிகளும் தனித்தனியா ஒரே பதிலுக்கு வந்தாங்க. அடுக்கு மொத்தமா நகர்றதே இல்ல. அணு வரிசைல எங்கயோ ஒரு அரை வரிசை எக்ஸ்ட்ராவா சொருகியிருக்கும், அது முடியிற கோட்டுக்குப் பேர்தான் டிஸ்லொகேஷன். கம்பளிப்பூச்சி நகர்றத பாத்திருப்பீங்க, முழு உடம்பையும் இழுக்காது, முதுகுல ஒரு மேடு மட்டும் பின்னாடியிருந்து முன்னாடி ஓடும், அது ஓடி முடிச்சா பூச்சி ஒரு எட்டு நகர்ந்திருக்கும். அதே மாதிரி ஒவ்வொரு நொடியும் ஒரு கோட்டுல இருக்கிற பிணைப்புகள் மட்டும் அறுந்து அறுந்து ஒட்டுது, அதனாலதான் இவ்ளோ கம்மி விசை போதும். ஸ்டீல்ல கார்பன் சேக்குறதுல பாதி வேலை இந்தக் கோடுகள ஓடவிடாம புடிச்சு வைக்கிறதுதான்.

இப்ப உங்க கம்பிக்கு வாங்க. வளைக்க வளைக்க புதுப்புது டிஸ்லொகேஷன் பொறந்துக்கிட்டே இருக்கும், ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், நூல்கண்டு சிக்கு விழுந்த மாதிரி. நல்லா வளைச்சு நசுக்குன உலோகத்துல ஒரு கன சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற கோடுகளையெல்லாம் நீட்டி வச்சா 10 லட்சம் கிலோமீட்டர் வரும், நிலாவுக்குப் போயிட்டு வந்தும் மிச்சம் இருக்கும்! எதுவும் நகர முடியாததால அந்த எடம் மட்டும் கெட்டியாயிடுது, நீங்க நிமித்த அழுத்தும்போது இன்னும் சிக்கு விழாத பக்கத்து எடம் முதல்ல விட்டுக்குடுக்குது. புது வளைவு அங்க விழுது.

1934ல இந்தக் கோட்ட யாரும் கண்ணால பாத்ததில்ல. 1956லதான் கேம்பிரிட்ஜ்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல, மெல்லிசான அலுமினியத் தகட்டுல அது நகர்றதையே பாத்தாங்க. 22 வருஷம் வெறும் பேப்பர்ல இருந்த ஐடியா. உடனே என்ன பிரயோஜனம்னு கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுறவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும், இன்னைக்கு ஸ்டீலை டிசைன் பண்றவங்க யாரும் டிஸ்லொகேஷன் இல்லாம யோசிக்கவே முடியாது.

அந்தக் கம்பிய நிமித்தியே ஆகணும்னா வழி இருக்கு. இடுக்கில புடிச்சு, வளைவு நல்லா செவக்கற வரைக்கும் சூடு பண்ணுங்க, தண்ணில போடாம தானா மெதுவா ஆற விடுங்க. சிக்கு விழுந்த பழைய படிகத்துக்குள்ள சிக்கே இல்லாத புதுக் குட்டிப் படிகங்கள் மொளைச்சு மொத்த எடத்தையும் புடிச்சுக்கும். நல்லா ஆறினதும் அதே வளைவுல அழுத்திப் பாருங்க, முதல் தடவ மாதிரியே மெத்துனு குடுக்கும்.