‘குடும்பத்தைக் கூட்டி வாருங்கள்’ என்றால் யாரை?

‘சிதைந்த குடும்பம்’ என்று ஒற்றை வரியில் எழுதி, குடும்ப ஆலோசனைக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம் சென்ற மாதம் மேலும் ஒன்று என் மேசைக்கு வந்தது. பாடசாலைக்குப் போக மறுக்கும் பதினொரு வயதுப் பையன், தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண், தகப்பன் வேறிடத்தில். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) குடும்பத்தை அழைத்துவரச் சொன்னதற்கு, மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் தகப்பனைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். சோறு போடும் அம்மம்மா வளவிலேயே இருந்துவிட்டார்.

தாய், தகப்பன், பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் குடும்பம் என்ற எண்ணத்தை எங்கிருந்து எடுத்தோம்? மானிடவியலாளர் ஜோர்ஜ் மேர்டொக் 1949இல் தந்த வரைவிலக்கணம் ஒரே வதிவிடத்தை வலியுறுத்தியது. அதன்படி பார்த்தால், மாதாமாதம் பணம் அனுப்பி வீட்டுக்குக் கூரை போட்ட தாயே குடும்பத்துக்கு வெளியே நிற்கிறாள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ‘குடி’ எனும் குலப்பிரிவு தாய்வழியே வருகிறது; வீடு மகளுக்குச் சீதனமாகப் போக, மருமகன்தான் அங்கு வந்து சேர்கிறார். அம்மம்மாவும் பெரியம்மாவும் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து பிள்ளை வளர்ப்பது இங்கு வழமையே தவிரச் சிதைவு அன்று. போரும் 2004 ஆழிப்பேரலையும் எத்தனை பிள்ளைகளைச் சின்னம்மாமாரின் கையில் கொடுத்தன என்பதைக் கல்லடியிலோ கல்முனையிலோ கேட்டுப் பாருங்கள். குடும்ப சிகிச்சையின் முன்னோடியான சல்வடோர் மினுச்சின்கூடப் பாட்டி வளர்ப்பதைக் குறையாகக் கொள்ளவில்லை. பிள்ளை விடயத்தில் முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவாக இருக்கிறதா என்றே பார்த்தார்.

அடுத்த அமர்வுக்கு அம்மம்மா வந்தார். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. தாய்க்கு இரவு பத்துக்கு வேலை முடியும்போது இங்கு பன்னிரண்டரை. அதுவரை பையன் தலையணைக்குள் தொலைபேசியை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறான். பிறகு காலையில் எப்படி எழும்புவான்? தகப்பனிடம் இன்னும் ஆறு அமர்வுகள் பேசியிருந்தாலும் இது வெளிவந்திராது.

ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, அந்த ஒற்றை வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். நேற்றிரவு சமைத்தவர் யார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுப்பவர் யார் என்று விசாரித்து, அவர்களை அனுப்புங்கள். தகப்பன் வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் மட்டும் வந்தால் போதாது. தாய் வெளிநாட்டில் என்றால் இமோ காணொளி அழைப்பு வழியாக அவரும் அமர்வில் இருக்கலாம், ஆனால் மின்னேற்றியை மறக்காதீர்கள்: சென்ற முறை அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அணைந்துவிட்டது.