விளக்கவியலா, பொருள்கோளா?

போன மாதம் ஒரு மூன்று நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். சபையில் எப்போதாவது பிரசங்கம் செய்ய எழும்புகிற என்னைப் போன்றவர்களுக்கு, வேதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. முதல் நாள் காலையில் பலகையில் பெரிய எழுத்தில் 'வேதாகம விளக்கவியல்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே மூன்று வரிகள். ஹெர்மனூட்டிக்ஸ் என்றால் விளக்கவியல், எக்ஸிஜீசிஸ் என்றால் விளக்கம், எக்ஸ்போசிஷன் என்றால் விளக்கவுரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி மெதுவாகக் குனிந்து, "மூணும் ஒண்ணுதானே தம்பி?" என்று கேட்டார்.

ஒன்று இல்லை. ஆனால் பலகையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அவர் மேல் குற்றமில்லை. ஹெர்மனூட்டிக்ஸ் என்பது ஒரு உரைக்கு எப்படிப் பொருள் முடிவு செய்வது என்கிற நெறி; எக்ஸிஜீசிஸ் ஒரு வசனத்தில் அந்தப் பொருளைக் காண்பது; எக்ஸ்போசிஷன் கண்டதைக் கேட்கிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது. இந்த 'விளக்கவியல்' என்ற சொல்லை வகுப்பிலும் பாடப்புத்தகத்திலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் 'ஹெர்மேனெயா' என்றால் பொருள் சொல்லுதல், மொழிபெயர்த்தல். தேவர்களின் தூதனான ஹெர்மெஸ் பெயரிலிருந்து வந்தது என்று எல்லா வகுப்பிலும் கதை சொல்வார்கள். லீஸ்திராவில் பவுலைப் பார்த்து ஜனங்கள் 'மெர்க்கூரி' என்றார்களே (அப்போஸ்தலர் 14:12), மூலத்தில் அது ஹெர்மெஸ்தான். கதை நன்றாக இருக்கிறது. சொற்பிறப்பு ஆராய்ச்சியாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு துறையின் பெயராக இச்சொல் நிலைத்தது 17ஆம் நூற்றாண்டில். லூத்தரன் இறையியலாளர் யோகான் கொன்ராட் தான்ஹவர் 1654இல் தன் புத்தகத்தின் தலைப்பிலேயே இதை வைத்தார். எக்ஸிஜீசிஸ் என்பது 'வெளியே நடத்திக்கொண்டு வருதல்'. உரைக்குள் இருக்கிற பொருளை வெளியே கொண்டுவருவது. யோவான் 1:18இல் குமாரன் பிதாவை "வெளிப்படுத்தினார்" என்று வருவது இந்தச் சொல்லின் வினைதான். அதைத் தலைகீழாக்கி, நம் மனதில் இருப்பதை உரைக்குள் நுழைப்பதற்கு எய்ஸெஜீசிஸ் என்று பிற்காலத்தில் பெயர் வைத்தார்கள். சரி, கிரேக்கம் போதும்.

இப்போது தமிழுக்கு வருவோம். பழைய ஆட்கள் 'வியாக்கியானம்', 'வியாக்கியான சாஸ்திரம்' என்றார்கள். நான் தனித்தமிழ்க் கட்சி இல்லை. ஜெபம், பரிசுத்தம், கர்த்தர் என்று சொல்லி வளர்ந்த வாய் இது. வியாக்கியானம் வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. வைணவ உரையாசிரியர்களான நம்பிள்ளையும் பெரியவாச்சான் பிள்ளையும் திருவாய்மொழிக்குச் செய்ததற்கு அதுதான் பெயர், கம்பீரமான பெயர். ஆனால் இன்று தெருவில் அதன் நிலைமை என்ன? "சொன்னதைச் செய், வியாக்கியானம் பண்ணாதே" என்று வீட்டில் திட்டுகிறோம். குதர்க்கம் என்ற அளவுக்கு அது இறங்கிவிட்டது. சபைக்குள்ளே வேறொரு சிக்கல். நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 12:10 "பாஷைகளை வியாக்கியானம்பண்ணுதல்" என்று இருப்பதால், வியாக்கியானம் என்றதும் பாதிப் பேருக்கு அந்நியபாஷை வரம்தான் ஞாபகம் வருகிறது. ஆக அது ஓய்வு பெறட்டும்.

அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் விளக்கவியல். எனக்கு இதன் மேல் இரண்டு வருத்தம். சின்னது முதலில்: மொழியியல்காரர்கள் ஒரு மொழி இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துச் சொல்லும் பிரிவை விளக்கமொழியியல் என்று ஏற்கெனவே அழைக்கிறார்கள். அங்கே 'விளக்க' என்றால் உள்ளதை உள்ளபடி விவரிப்பது. இங்கே அதே சொல் வேறு வேலைக்கு. எதற்கெடுத்தாலும் வால் போல ஒரு 'இயல்' ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடும் என்ற நினைப்பு நம் மொழிபெயர்ப்பாளர்களை எப்போது விடுமோ.

பெரிய வருத்தம் இது: விளக்குவது என்பது நான் இன்னொருவருக்குச் செய்கிற வேலை. எனக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது, உமக்குப் புரியவைக்கிறேன் என்பது அதன் பொருள். ஹெர்மனூட்டிக்ஸ் கேட்கிற கேள்வியோ அதற்கு முன்னால் வருவது. உமக்கே எப்படிப் புரிந்தது? இந்த வாக்கியத்துக்கு இதுதான் பொருள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்? விளக்கவியல் என்ற பெயர் அந்தக் கேள்வியையே விழுங்கிவிடுகிறது. மூன்று நாள் வகுப்பில் உவமைக் கதை சொல்வது எப்படி, மூன்று தலைப்பாகப் பிரிப்பது எப்படி என்றுதான் பெரும்பாலும் ஓடியது என்றால், அதற்குப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நெகேமியா 8:8ஐ எடுத்துப் பாருங்கள். "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." விளங்கப்பண்ணுவது மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் அர்த்தம் ஒன்று கைக்கு வந்தாக வேண்டும்.

அந்த முந்தின வேலைக்குத் தமிழில் பெயர் இல்லாமலா போயிற்று? பொருள்கோள். செய்யுளின் சொற்களை எதோடு எதைச் சேர்த்துப் பொருள் கொள்வது என்று எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே பொருள்கோள்தான். தொல்காப்பியம் நான்கு வகை சொல்கிறது; நன்னூல் ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என்று எட்டு. கொள் என்ற வினை நீண்டு கோள் ஆனது, பெறு பேறு ஆனது போல. விளக்குகிறவரைப் பற்றிப் பேசாமல் பொருளைக் கொள்கிறவரைப் பற்றிப் பேசுகிற சொல் இது. கிரேக்கச் சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எதுவும் வரவில்லை. பொருள்கோளியல் என்று எழுதுகிற சில கல்வியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம், அந்த 'இயல்' இல்லாமல் 'பொருள்கோள் நெறி' என்றால் இன்னும் நன்றாயிருக்கும்.

தேநீர் இடைவேளையில் இதை அந்த ஆசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோள் என்றால் ஜனங்கள் கோள் சொல்வது என்று நினைப்பார்கள் ஐயா" என்றார். மேற்கோள் காட்டும்போதும், குறிக்கோள் பற்றிப் பேசும்போதும் யாரும் அப்படி நினைப்பதில்லையே என்றேன். சிரித்தார். அப்புறம் அவர் சொன்ன இரண்டாவது மறுப்பு கனமானது. பொருள்கோள் என்பது செய்யுளில் எந்தச் சொல்லை எதோடு சேர்ப்பது என்கிற சின்ன விதி. வேதத்துக்கு வரலாறு, பின்னணி, இலக்கிய வகை, யாருக்கு எழுதினார்கள் என்பதெல்லாம் வேண்டுமே, அவ்வளவையும் இந்தச் சொல் தாங்குமா?

தாங்கும். அரிஸ்டாட்டில் ஹெர்மேனெயா என்ற பெயரில் எழுதிய நூலே வாக்கியங்கள் எப்போது உண்மை, எப்போது பொய் என்பது பற்றியதுதான். அங்கிருந்து அந்தச் சொல் இத்தனை தூரம் வளரலாம் என்றால், நம் சொல் மட்டும் ஏன் நன்னூல் காலத்திலேயே நிற்க வேண்டும்? அது மட்டுமில்லை, அந்தச் சின்ன விதியே வேதத்தில் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று பாருங்கள்.

மத்தேயு 7:6. "பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடாதேயுங்கள், உங்கள் முத்துக்களைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள், போட்டால் தங்கள் கால்களால் அவைகளை மிதித்து, திரும்பிக்கொண்டு உங்களைப் பீறிப்போடும்." மிதிப்பது யார், பீறுவது யார்? முத்தை மிதிப்பது பன்றி. திரும்பி ஆளைக் கடித்துக் குதறுவது நாய். முதலில் நாய், பிறகு பன்றி என்று பெயர்களை அடுக்கிவிட்டு, வினைகளைத் தலைகீழாகப் பன்றிக்கு முதலில், நாய்க்குப் பிறகு என்று வைத்திருக்கிறது. இதற்கு மேல்நாட்டுப் புத்தகங்களில் கிரேக்க எழுத்து ஒன்றின் பெயரை வைத்து ஒரு பெரிய பெயர் இருக்கும். நமக்கு அது எதிர்நிரனிறை. பன்றியும் பீறும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும், அவர்கள் செய்கிறதும் பொருள்கோள் சண்டைதான். பிலேமோனுக்கு எழுதின நிருபத்தின் 5ஆம் வசனத்தில் அன்பு, விசுவாசம் என்று இரண்டைச் சொல்லி, கர்த்தராகிய இயேசு, பரிசுத்தவான்கள் என்று இரண்டிடம் சொல்வதும் இதே கட்டு. விசுவாசம் இயேசுவிடம், அன்பு பரிசுத்தவான்களிடம்.

இதைவிடப் பெரிய இடம் லூக்கா 23:43. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்." 'இன்றைக்கு' எதோடு சேர்கிறது? பரதீசில் இருப்பதோடா, சொல்லுவதோடா? பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் நம்மைப் போல நிறுத்தற்குறி இட்டு எழுதுகிற வழக்கம் இல்லை. கிரேக்கத்தில் அந்தச் சொல் இரண்டு வினைக்கும் நடுவில் நிற்கிறது. "இன்றைக்கே உனக்குச் சொல்லுகிறேன்" என்று சேர்த்து, மரித்தவுடன் பரதீசு என்பதை மறுக்கிற சபையார் உண்டு. மற்ற இடங்களில் "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்று வரும்போது இயேசு 'இன்றைக்கு' என்று சேர்ப்பதில்லை, ஆகவே பரதீசோடுதான் சேர வேண்டும் என்பது பெரும்பாலோர் வாதம். எனக்கும் அதுவே சரி. தமிழில் வாசிக்கிற நமக்கோ இப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது. மொழிபெயர்த்தவர் 'இன்றைக்கு' என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்து, 'இருப்பாய்' என்பதோடு கட்டித் தீர்ப்பு எழுதிவிட்டார். இதை விளக்கம் என்று எப்படிச் சொல்வது? அவர் எதையும் விளக்கவில்லை. பொருள்கொண்டார், அவ்வளவுதான்.

எக்ஸிஜீசிஸுக்கு 'பொருள் காணல்' போதும். 'வெளிக்கொணர்தல்' என்று சிலர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பது கிணற்றில் தூர் வாருகிற மாதிரி கேட்கிறது. எக்ஸ்போசிஷனுக்கு விளக்கவுரை இருக்கட்டும்; அங்கே உண்மையிலேயே விளக்கம்தான் நடக்கிறது.

எய்ஸெஜீசிஸுக்குப் புதுச்சொல் தேடி அலையவே வேண்டாம். 'உட்புகுத்தியல்' என்று ஒரு கைப்பிரதியில் பார்த்தேன், பயந்துவிட்டேன். நம் உரை மரபில் 'வலிந்து பொருள்கொள்ளல்' என்று எத்தனை காலமாக இருக்கிறது! பத்துப்பாட்டில் எங்கேயோ கிடக்கிற அடியை எங்கேயோ கொண்டுபோய் ஒட்டினார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேல் புலவர்கள் வைத்த குற்றச்சாட்டு அதுதானே. மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் அதற்காக அவரோடு மோதியிருக்கிறார். அந்தப் பந்தியில் ஆதிச் சபையின் இறையியலாளர் அகுஸ்தீனையும் உட்காரவைக்கலாம். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்றார் அவர். மகா மேதை. ஆனால் 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதிலில் பவுல் எங்கிருந்து வந்தார்?

நாமும் சளைத்தவர்கள் இல்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இப்போதைக்குத் திரும்ப மாட்டீர்கள் என்கிற கடிதம் அது. அந்த எழுபது வருஷத்தைக் கத்தரித்துவிட்டு, மார்ச்சுக்குள் விசா வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த அட்டை இருக்கிறது; என் மனைவி ஒட்டியது, நான் வாயைத் திறக்கவில்லை. பிலிப்பியர் 4:13க்கும் இதே கதி. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் சொன்னது பட்டினி கிடக்கவும் திருப்தியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைப் பற்றி. பரீட்சை மார்க்கைப் பற்றி இல்லை.

2 பேதுரு 1:20 "சுயதோற்றமான பொருளையுடையதாயிராது" என்கிறது. பொருள் என்ற சொல்லைத்தான் அந்த மொழிபெயர்ப்பாளரும் எடுத்திருக்கிறார், கவனித்தீர்களா? வேதத்துக்குள்ளேயே கிடக்கிற சொல்லை விட்டுவிட்டு விளக்கவியலுக்கு ஓடுகிறோம்.

மூன்றாம் நாள் மாதிரிப் பிரசங்கம். அண்ணாச்சி நாய், பன்றி வசனத்தையே எடுத்து, "இதுக்கு நான் எப்படிப் பொருள்கொண்டேன்னா" என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷம், நன்றாகவே இருந்தது. மாலையில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். 'வேதாகம விலக்கவியல் பயிற்சியை நிறைவு செய்தமைக்காக' என்று அச்சாகியிருந்தது. ளகரம் போன இடத்தை யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாராம்.