எக்ஸ்போர்ட்: ஏற்றுமதியா, படியெடுப்பா?

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வியூக ஆட்டங்களில் ஊறிப்போன காரைக்குடிப் பிள்ளைகளிடம் ‘டெரிட்டரி டேட்டாவை எக்ஸ்போர்ட் பண்ணு’ என்ற பேச்சு சர்வசாதாரணம். எந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை, வண்ணம் தீட்டிய வரைபடமாக அல்லாமல் வெறும் எண்வரிசையாகக் கோப்பில் எடுத்துக்கொள்வதுதான் விஷயம். இதில் முதல் இரண்டு சொல்லுக்குத் தமிழ் சுலபம். மூன்றாவதுதான் படுத்துகிறது.

டேட்டா என்றால் லத்தீனில் ‘தரப்பட்டவை’. நம் ‘தரவு’ம் ‘தரு’ என்பதிலிருந்து வந்ததே. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

டெரிட்டரிக்கு ‘ஆட்சிப்பரப்பு’ என்று எழுதுகிறார்கள். அரசிதழ் வாடை அடிக்கிறது. செட்டிநாட்டில் ‘வட்டகை’ என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. நகரத்தார் ஊர்களை மேலவட்டகை, கீழவட்டகை என்று பிரித்துத்தான் பேசுவார்கள். எல்லை, அதற்குள் அடங்கிய ஊர்கள், அங்குள்ளவர்களின் உறவு எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். ஆட்டத்தில் ஒரு கூட்டணி பிடித்து வைத்திருக்கும் ஊர்த்தொகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இனி எக்ஸ்போர்ட். லத்தீனில் ‘எக்ஸ்’ வெளியே, ‘போர்ட்டாரே’ சுமத்தல். வெளியே சுமந்து செல்லுதல். வணிகத்தில் இதற்கு ‘ஏற்றுமதி’. கப்பலில் ஏற்றுவதால் ஏற்றுமதி என்று இன்று தயங்காமல் சொல்கிறோம். ஆனால் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைப் பாடும்போது ‘நீரினின்றும் நிலத்து ஏற்றவும், நிலத்தினின்று நீர்ப்பரப்பவும்’ என்கிறது. அங்கே ‘ஏற்றுவது’ கடலிலிருந்து கரைக்கு வரும் சரக்கை, அதாவது இன்றைய இறக்குமதியை! பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் மரபைச் சொல்லும் நகரத்தாருக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் ரசிக்கத்தக்கதாக இருக்கும்.

திசை மாறியது போகட்டும், அது மொழியில் நடப்பதுதான். கணினியில் ‘ஏற்றுமதி’ பிசகுவது வேறோர் இடத்தில். ஏற்றுமதியான அரிசி கிட்டங்கியில் இராது. எக்ஸ்போர்ட் ஆன தரவோ இருந்த இடத்திலேயே இருக்கும், போவது நகல். ‘பெயர்த்தெடு’ என்று சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். அரண்மனை போன்ற வீடுகளின் தேக்குத்தூண்களையும் நிலைக்கதவுகளையும் பெயர்த்தெடுத்துப் பழம்பொருள் கடைகளில் விற்பதைப் பார்த்த ஊரில் அந்தச் சொல் எடுபடாது. தூண் போனால் போனதுதான்.

கல்வெட்டாய்வாளர்களிடம் சரியான சொல் இருக்கிறது: படியெடுத்தல். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். கல் அசையாது. சிதைந்த எழுத்தும் சிதைவோடே தாளில் வரும். யாரும் திருத்துவதில்லை, அழகுபடுத்துவதில்லை. பக்குவப்படுத்தாத தரவை ‘ரா’ (raw) டேட்டா என்பார்களே, அந்த ‘ரா’வும் அதில் அடங்கிவிடுகிறது. கச்சா எண்ணெயைப் பார்த்துக் ‘கச்சாத் தரவு’ என்று சொல்பவர்கள் உண்டு. ‘கச்சா’ இந்தி வழி வந்த சொல், வழக்கில் ஊன்றிவிட்டது, குற்றமில்லை. என் தேர்வு ‘மூலப்படி’.

‘ட்ரைபல் வார்ஸ்’ என்ற ஜெர்மானிய ஆட்டத்தின் கோப்பைத் திறந்தால் மூலப்படியின் முகம் தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரி, நடுவில் காற்புள்ளிகள்: 4127, ஊர்ப்பெயர், 512, 488, 90213, 3045 என்ற மாதிரி தொடங்கும். முதலில் ஊரின் எண். பெயருக்குப் பின் கிடை, நெடு இடக்குறிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 999 வரை. அடுத்து ஆட்டக்காரரின் எண், பிறகு அந்த ஊர் பெற்ற புள்ளிகள். ஆட்டக்காரர் எண் 0 என்றால் அந்த ஊருக்கு ஆளில்லை. ஆட்டக்காரரின் பெயரை இந்தக் கோப்பில் தேடிப் பயனில்லை, அது வேறொரு கோப்பில். இரண்டையும் எண்ணை வைத்து இணைக்க வேண்டும். ஊர்ப்பெயரும் நேராக வராது. இணைய முகவரிக்குரிய குறியீட்டில் வரும். இடைவெளி கூட்டல் குறியாகிவிடும். அந்தக் குறியீட்டில் ‘க’ என்ற ஓரெழுத்தே ஒன்பது குறிகளாக நீளும்! அதைப் பிரித்துப் படிப்பது எடுப்பவர் பாடு.

கொண்டுவிற்கப் போன இடத்துக் கடைகளில் செட்டியார்கள் எழுதியது குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்ற வரிசையில். அன்றாடம் நடந்ததை நடந்தபடி எழுதுவது குறிப்பு. கூட்டிக் கழித்து நிலவரம் காட்டுவது ஐந்தொகை. ஆட்டத்தில் திரையில் தெரியும் வண்ணப்படம் ஐந்தொகையின் சாதி. ஆனால் மூலப்படியைக் குறிப்போடு முழுதாகச் சேர்க்கவும் முடியாது. குறிப்பில் நேற்றைய வரவும் இருக்கும். மூலப்படியில் எடுத்த கணத்தின் நிலை மட்டுமே. ஓர் ஊர் எப்போது கைமாறியது என்று அறிய, முன்னொரு படியையும் பின்னொரு படியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும்.

எனவே ‘வட்டகைத் தரவின் மூலப்படி’. பொத்தானில் இடம் குறைவென்றால் ‘படியெடு’ போதும். கோப்பின் பெயரிலேயே எடுத்த நாளையும் மணியையும் சேர்த்துவிடுங்கள். நாளில்லாத இரண்டு படிகளில் எது முந்தியது என்று உள்ளிருக்கும் எண்கள் சொல்லாது.