பிறந்த எடையும் பிற்காலச் சர்க்கரையும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. அருமையான திட்டம். ஆனால் அந்தப் பந்தியில் உட்காரும் பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் கணையத்துக்கும் அஸ்திவாரம் ஐந்தாறு வருடம் முன்பே போட்டாகிவிட்டது.

சிறுநீரகத்தையே பாருங்கள். இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாக 10 லட்சம். கருவுக்கு 36 வாரம் ஆனதோடு அவற்றின் உற்பத்தி நின்றுவிடும். பிறகு எதைத் தின்றாலும் ஒன்றுகூடச் சேராது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு எண்ணிக்கை குறைவு. இருப்பவை அதிக வேலை பார்த்துத் தேய்கின்றன, நடுவயதில் இரத்த அழுத்தம் ஏறுகிறது.

சர்க்கரையின் கதை வேறு. வயிற்றுக்குள் உணவு போதாதபோது கரு மூளைக்கு முதல் பங்கு கொடுத்துவிட்டு, தசையிலும் இன்சுலின் சுரக்கும் கணையத்திலும் சிக்கனம் பிடிக்கிறது. சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைப்பது தசைதான். புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் அளந்த குழந்தைகளின் பிறந்த எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைந்தது தசை. தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. அதனால்தான் பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் இங்கே சர்க்கரை வருகிறது. டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களிடம் 2004இல் தெரிந்தது இன்னொன்று: முப்பது வயதையொட்டிச் சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து பின்பு வேகமாக எடை போட்டவர்கள். ‘புஷ்டியாகட்டும்’ என்று ஐந்து வயதில் பிஸ்கட்டும் இனிப்பும் திணிப்பது ஈடுகட்டுவதாகாது.

‘வயிற்றுப்பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்’ என்று கர்ப்பிணி தட்டைக் குறைப்பதுதான் முதல் தவறு. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவது அடுத்தது. டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, நீர்க்கஞ்சி. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலோடு தினம் சுமார் 200 கலோரி வேண்டும், ஒன்பது மாதத்தில் 300. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 200 மில்லி. அதில் 10 கிராம் கேழ்வரகு மாவு போட்ட கஞ்சி 35 கலோரிகூடத் தேறாது. வயிறு நிறையும், வளர்ச்சி நிற்கும். மாவைக் கூட்டினால் களியாகி இறங்காது.

இதற்கு வழி முளைகட்டிய மாவு. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை அறுத்து இளக்கிவிடுவதால், 30 கிராம் போட்டாலும் கஞ்சி கரண்டியில் வழியும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் வெயிலில் காயவைத்து அரைக்கவும். வாசம் வரட்டும் என்று கருக வறுத்தால் நொதி செத்துவிடும். கொதிநீரில் மாவைக் கொட்டினாலும் அதே கதி, கட்டியும் தட்டும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே கொதி வரவிடுங்கள். இறக்கியபின் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் இன்னும் 45 கலோரி.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கும்போது, வளர்ச்சி அட்டையில் கோடு எந்த நிறத்தில் நிற்கிறது என்பதைவிட ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கோடு ஏறாமல் படுத்திருந்தால் உடனே கேளுங்கள்.

2.5 கிலோவுக்குக் கீழ் பிறந்து இப்போது முப்பதைத் தாண்டியவர்கள், ஒல்லியாக இருந்தாலும், வருடம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. பிறந்த எடை தெரியாவிட்டால் அம்மாவின் பழைய பிரசவச் சீட்டு பீரோவில் எங்காவது கிடக்கும். மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள்.