மூங்கில்மேல் பழி போட்டது போதும்

“மூங்கில் உரசித்தான் காட்டில் தீப்பிடித்ததாமே, சார்?” இந்தப் பங்குனியிலும் கேட்டுவிட்டார்கள். கேட்டவர் நன்றாகப் படித்தவர், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். எரிந்த சரிவில் பேருக்குக்கூட ஒரு மூங்கில் கிடையாது. காய்ந்த மலைப்புல்லும் பாறையும்தான். வனத்துறைக் களப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

மூங்கிலில் தீக்கடைய முடியும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நன்றாகக் காய்ந்த மூங்கிலைப் பிளக்க வேண்டும். ஒரு துண்டில் வெட்டு வைத்து, இன்னொன்றை அதே இடத்தில் அழுத்தி, விடாமல் தேய்க்க வேண்டும். பொறியைப் பிடித்துக்கொள்ளப் பஞ்சு போன்ற தூள் கீழே இருக்க வேண்டும். கை பழகியவருக்கே மூச்சு வாங்கும் வேலை இது. காற்றில் ஆடும் மூங்கில் இப்படியா உரசுகிறது? இடம் மாறி மாறி உரசுகிறது. பிறக்கிற கொஞ்சச் சூட்டையும் அதே காற்று கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சுவது கிறீச்சென்ற சத்தம் மட்டும்தான். மின்னலைச் சொல்வோரும் உண்டு. நம் பக்கத்துக் கோடை இடி பெரும்பாலும் மழையையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

தீப்பிடித்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மாட்டுத்தடம், கோயில் பாதை, சாலையோரம், பட்டா நிலத்தின் எல்லை என்று வரிசையாக வந்து விழும். மூங்கிலுக்குப் பாதைகளின்மேல் அப்படி என்ன பாசம்? புதுப்புல் துளிர்க்கும் என்று வைப்பவர் இருக்கிறார், வழியைத் துப்புரவாக்க வைப்பவர் இருக்கிறார், வனத்துறைமீதுள்ள கோபத்தில் வைப்பவரும் இருக்கிறார். வரப்பில் வைத்த தீ காற்றில் தாவிவிடுவதும் உண்டு. நாட்டின் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையால் வருவது என்று அரசு ஆவணங்களே சொல்கின்றன.

இயற்கையே வைத்த தீ என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வைத்தவனும் தப்பிக்கிறான், தடுக்க வேண்டியவர்களும் தப்பிக்கிறார்கள். மூங்கில் கதை இத்தனை காலம் உயிரோடு இருப்பது இதனால்தான்.

இப்போது புதிதாக ஒரு நிம்மதி சேர்ந்திருக்கிறது: “அதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே!” இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. 2017 முதல் இன்னும் நுட்பமான கருவி சேர்ந்தது, அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 375 மீட்டர் அகலம். அந்தக் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள் நம் தலைக்குமேல் வருவது பகல் ஒன்றரை மணியை ஒட்டி, பிறகு நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணியை ஒட்டி. மாலை மூன்றுக்குப் பிடித்த தீயை அது எப்போது பார்க்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி வரும் முன்னரே புகையைப் பார்த்து ஓடியிருப்பார் எங்கள் தீக்காவலர். அவர் தினக்கூலி.

எரிவதைச் சொல்வது வேறு, எரியப்போவதைச் சொல்வது வேறு. வெப்பம், ஈரப்பதம், காற்று, கடைசியாகப் பெய்த மழை ஆகியவற்றை வைத்துத் தீ அபாய நிலையை முன்கூட்டியே கணிக்க முடியும். நம் நாட்டிலும் கணிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்பு கைக்கு வந்தால் யார் என்ன செய்தாக வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் நடப்பிலிருப்பது 1882ஆம் ஆண்டு வனச்சட்டம். காப்புக்காட்டில் தீ வைப்பதை அது தடுக்கிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டமோ, காட்டில் உரிமை பெற்றவர்கள் தீ பற்றித் தகவல் தரவும் அணைக்க உதவவும் கடமைப்பட்டவர்கள் என்கிறது. இரண்டுமே தீ பிடித்த பிறகு வருகிற பேச்சு. 2018இல் வந்த தேசியக் காட்டுத்தீச் செயல்திட்டம் முன்னெச்சரிக்கை பற்றி நன்றாகவே பேசுகிறது. ஆனால் திட்டத்தை மீறியதற்காக எந்த அதிகாரியும் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

அதே 2018, மார்ச் 11. குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அமெரிக்காவில் 2025இல் ‘ஃபயர் ரெடி நேஷன்’ என்று ஒரு மசோதா செனட்டுக்கு வந்திருக்கிறது. தீக்கால வானிலைக் கணிப்பையும், தீக்களத்துக்கே செல்லும் வானிலையாளர்களையும் சட்டத்தின் வழியாகப் பலப்படுத்துவது அதன் நோக்கம். கணிப்பு மட்டும் போதாது என்பதையும் அவர்களே அனுபவித்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கடும் எச்சரிக்கை முன்கூட்டியே போனது, ஆனாலும் ஊர் எரிந்தது. ஆகவே நமக்கு வேண்டிய சட்டம் கணிப்போடு நின்றுவிடக் கூடாது. அபாயம் இந்த அளவைத் தாண்டினால் காட்டை ஒட்டிய பட்டா நிலங்களில் எரிப்பதற்குத் தடை, பாதைகள் மூடல், கூடுதல் காவலர் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரின் பதவிப்பெயர் அதில் இருக்க வேண்டும். தீ தாண்டாதபடி வெறுமையாக விடும் நிலப்பட்டைகளான தீத்தடுப்புக் கோடுகளை வெட்டித் துப்புரவாக்கும் வேலை தையிலேயே முடிந்திருக்க வேண்டும். பணம் மாசிக் கடைசியில் வந்தால் புல் காத்துக்கொண்டிருக்காது.

சட்டம் வரும்வரை உங்களால் ஆனதையாவது செய்யுங்கள். தோட்டக்காரர்களே, உச்சி வெயிலில் சருகு கொளுத்தாதீர்கள். “நான் பக்கத்திலேயேதான் நின்றேன்” என்று சொல்லாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மலையேறுகிறவர்களே, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதையை மூடினால் மூடியதுதான், உள்ளூர் ஆளுக்குக் காசு கொடுத்து வேறு வழி கேட்காதீர்கள். நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம், பருத்தி போதும். கீழே தீயைப் பார்த்தால் மேலே ஓடாதீர்கள், தீ உங்களைவிட வேகமாக மலையேறும். பக்கவாட்டில் விலகிப் பாறையையோ ஏற்கெனவே கருகிய நிலத்தையோ தேடுங்கள். புல்லுக்குள் ஒளியாதீர்கள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். புகை தெரிந்தால் முதலில் 112க்கு அழையுங்கள். எந்த ஊருக்கு மேலே, எந்தச் சரிவில், காற்று எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.