கையெழுத்துக்குப் பிறகும் பெற்றோருக்கு வேலை இருக்கிறது

பள்ளியிலிருந்து வரும் தாள்களில் பெரும்பாலானவை காலை அவசரத்தில்தான் கையெழுத்தாகின்றன. சுற்றுலா அனுமதி, தேர்வு அட்டவணை இவற்றுக்கு நடுவே ஓர் ஆய்வு ஒப்புதல் படிவம் இருந்தால் அதுவும் அதே வேகத்தில் போய்விடும். சுற்றுலா ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடக்கும் நெடுங்கால ஆய்வோ உங்கள் பிள்ளையை ஐந்து வருடம், பத்து வருடம், சில சமயம் நடுவயது வரைகூடப் பின்தொடரும். இத்தகைய ஆய்வுகளில் பெற்றோரைச் சந்தித்து விளக்குவதும், அவர்களுடைய சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எதற்கு இத்தனை வருடம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இரவில் செல்போன் பார்ப்பதால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் வராததால் பிள்ளை செல்போனை எடுக்கிறதா? மனச்சோர்வு வந்ததால் மதிப்பெண் குறைந்ததா, மதிப்பெண் குறைந்ததால் சோர்வு வந்ததா? ஒரே நாளில் ஆயிரம் பேரிடம் கேட்டாலும் இதற்கு விடை கிடைக்காது. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்று மட்டுமே தெரியும். எது முந்தி வந்தது என்று அறிய, அதே பிள்ளையிடம் வருடாவருடம் திரும்பப் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அமெரிக்காவில் ‘ஆட் ஹெல்த்’ என்ற ஆய்வு 1994–95 கல்வியாண்டில், 7 முதல் 12 வரையான வகுப்பு மாணவர்களோடு தொடங்கியது. முதல் சுற்றிலேயே பெற்றோரில் ஒருவரிடமும் பேட்டி எடுத்தார்கள். அந்த மாணவர்கள் முப்பதுகளின் பிற்பகுதிக்கு வந்த பிறகும் ஆய்வு தொடர்ந்தது. அவர்களின் இன்றைய உடல்நிலையை இளம்பருவச் சூழலோடு இணைத்துப் பார்க்க, அன்று அம்மாவோ அப்பாவோ சொன்ன குடும்ப விவரங்கள் இன்றும் பயன்படுகின்றன. நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பும் பெற்றோர் கேள்வித்தாளின் ஆயுள் அவ்வளவு நீளம். அதை அக்கறையோடு நிரப்புங்கள்.

இனி ஒப்புதலுக்கு வருவோம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பதின்பருவத்துப் பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையாக, உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வந்தது. இன்று வழக்கிலிருக்கும் அதன் வடிவம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சட்டப்படி ஒப்புதல் தர முடியாத ஒருவரும், விஷயத்தைப் புரிந்து சம்மதிக்கவோ மறுக்கவோ முடிந்தால், அவருடைய சம்மதத்தையும் பெறவேண்டும், அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிக்கவேண்டும். அதாவது நீங்கள் சரி என்று எழுதிய பிறகும் உங்கள் மகள் வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டாம் வருடத்தில் சொல்லலாம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடலாம், இரத்த மாதிரி மட்டும் தரமாட்டேன் எனலாம்.

“நான்தான் கையெழுத்துப் போட்டாச்சே, போய்ப் பதில் சொல்லிட்டு வா” என்று பிள்ளையை அனுப்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைக்கிறார்கள். ஆனால் வற்புறுத்தி உட்காரவைத்த பிள்ளை கடைசிப் பக்கம் வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்து போகும். அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை. தன் விருப்பத்துக்கு மதிப்பில்லை என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய நஷ்டம்.

அடுத்தது, பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி. “மேடம், எங்க பையன் என்ன எழுதியிருக்கான்னு எங்களுக்குக் காட்டுவீங்களா?” காட்டமாட்டோம். இந்தப் பதிலைக் கேட்டதும் சில முகங்கள் இறுகிவிடும். எனக்கு அது புரிகிறது. பெற்று வளர்த்த பிள்ளை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வதைத் தங்களிடம் மறைப்பதா என்ற வருத்தம் அது. ஆனாலும் இதில் நான் பிடிவாதமாகத்தான் இருக்கிறேன். சிகரெட், மது, காதல், தன் உடலைப் பற்றிய வெட்கம், நண்பர்களின் கேலி, வீட்டுச் சண்டை என்று இந்தக் கேள்வித்தாள்கள் கேட்பவை எல்லாமே பிள்ளைகள் பூட்டி வைத்திருக்கும் விஷயங்கள். அம்மா பார்ப்பார் என்று தெரிந்தால் அம்மாவுக்குப் பிடித்த பதில்தான் வரும்.

அந்த ரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருப்பது தெரியவந்தால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது என்றாலோ யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, ஆய்வுக் குழு அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்போது யாரிடம் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள், பிள்ளைக்கு முதலில் தெரிவிப்பார்களா என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். ஒப்புதல் தருமுன் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். இன்னொன்றும் கேளுங்கள்: விடைகளை எப்போது பார்ப்பார்கள்? பல ஆய்வுகளில் தாள்கள் பல மாதம் கழித்தே கணினியில் ஏறுகின்றன. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய கேள்வி தாளில் இருந்தால், அன்றைக்கே அந்தப் பதிலைப் பார்க்க ஒருவர் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை வராது. நீங்களும் தயங்காமல் மறுக்கலாம்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் “என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?” என்று துருவாமல் இருப்பது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. அதுவாகச் சொன்னால் கேளுங்கள். சில கேள்விகள் மனதைக் கிளறிவிடும், அன்று மாலை பிள்ளை கொஞ்சம் ஒதுங்கி இருக்கலாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

உங்கள் கேள்வித்தாளிலும் பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள். கவலைப்படுகிறதா, கோபம் வருகிறதா, நண்பர்கள் உண்டா என்று. உங்கள் பதிலும் பிள்ளையின் பதிலும் ஒத்துப்போகாதது மிகச் சாதாரணம். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக்கும் அவருடைய குழுவும் 1987-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முழு ஒற்றுமைக்கு 1 என்றால், ஒரே பிள்ளையைப் பற்றி அம்மாவும் அப்பாவும் சொல்வதில் ஒற்றுமை சுமார் 0.60. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் பெற்றோர், ஆசிரியர் போன்ற மற்றவர்கள் சொல்வதற்கும் ஒற்றுமை சராசரியாக வெறும் 0.22. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் கத்தித் தீர்க்கலாம், வீட்டில் சிரித்துப் பேசும் பிள்ளை இரவில் அழலாம். அதனால்தான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறோம். பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்து அதையே எழுதாதீர்கள். நீங்கள் கண்டதை எழுதுங்கள். நல்ல பெற்றோர் என்று காட்டிக்கொள்ளும் பதிலும் வேண்டாம். இது உங்களுக்கு மதிப்பெண் போடும் தாள் அல்ல.

இடையில் விட்டுப் போகிறவர்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வீடு மாறுவது, பள்ளி மாறுவது, போன் நம்பர் மாறுவது, இவற்றால் நாங்கள் இழக்கும் குடும்பங்களே அதிகம். இதில் வருத்தம் என்னவென்றால், விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் வேலை இழந்த, பிரிந்த, நோயில் விழுந்த குடும்பங்கள். அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கதை மட்டுமே; முடிவும் அதை வைத்தே எழுதப்படும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடரும் ஆய்வில், 45 வயதில் உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேர் பங்கேற்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் பயணச் செலவு கொடுத்து வரவழைக்கிறார்கள். பணம் மட்டும் அதைச் சாதித்துவிடாது. எத்தனையோ அம்மாக்கள் சின்ன வயதிலிருந்தே பிள்ளையை அலுக்காமல் அழைத்து வந்ததும் அதற்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் நம்பர் மாறினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். நிலைமை மோசமான வருடத்தில் ஒதுங்கிவிடத் தோன்றும், அந்த வருடத்துப் பதில்தான் எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

சில பள்ளிகளில், “விருப்பமில்லை என்றால் மட்டும் திருப்பி அனுப்பவும்” என்று கடிதம் வரும். நீங்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். ஆகவே பையில் வரும் கடிதத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

உமிழ்நீர் மாதிரி கேட்டால் இன்னும் நிதானம் வேண்டும். அதிலிருந்து எடுக்கும் மரபணுத் தகவல் உங்களையும் மற்ற பிள்ளைகளையும் பற்றியதும்தான். எங்கே வைப்பார்கள், எத்தனை வருடம், வேறு ஆய்வுக்குக் கொடுப்பார்களா, தேர்வு மதிப்பெண்ணோடும் மருத்துவமனைப் பதிவோடும் இணைப்பார்களா என்று கேளுங்கள். பெயருக்குப் பதில் அடையாள எண் போட்டிருப்பார்கள், ஆனால் பெயரையும் எண்ணையும் சேர்க்கும் பட்டியல் எங்கோ ஒரு பூட்டுக்குள் இருக்கத்தான் செய்யும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கும் பதில் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றாலும், அதற்குள் ஆய்வு முடிவுகளில் கலந்துவிட்ட தரவைத் திரும்ப எடுக்க முடியாது.

பிள்ளை சட்டப்படி வயது வந்தவராகும்போது உங்கள் கையெழுத்து செல்லாது. ஆய்வுக் குழு அவரிடம் புதிதாக ஒப்புதல் கேட்கவேண்டும், இதுவரை சேர்த்த தகவலை வைத்திருக்கலாமா என்பதையும் சேர்த்து. அந்தக் கடிதம் பழைய முகவரிக்கு, உங்கள் பெயருக்கு வந்தாலும் வரலாம். வந்தால் நீங்களே முடிவெடுத்துப் பதில் அனுப்பாமல், பிள்ளையின் கையில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பேசவேண்டியவர்கள் அவரும் நாங்களும்தான்.