எச்-இண்டெக்ஸ்: தமிழில் எச்-சுட்டெண்

ஓர் ஆய்வாளரின் எச்-இண்டெக்ஸ் 5 என்றால், அவர் எழுதியவற்றுள் 5 கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் தலா 5 முறையாவது எடுத்துக்காட்டியிருக்கின்றன. 6 கட்டுரைகளுக்குத் தலா 6 என்ற நிலையை அவர் இன்னும் எட்டவில்லை. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது.

‘இண்டெக்ஸ்’ இலத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது என்று பொருள்; ஆள்காட்டி விரலுக்கும் அங்கே அதே பெயர்தான். தமிழிலும் அந்த விரல் சுட்டுவிரல் என்பதால் ‘சுட்டெண்’ இயல்பாகப் பொருந்துகிறது. விலைவாசிச் செய்திகளில் பழகிய ‘குறியீட்டெண்’ணும் தவறில்லை. ஆனால் கணிதத்திலும் கணினியியலிலும் ‘குறியீடு’ ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது; இன்னொன்றையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஒரு கட்டுரை இன்னொன்றை எடுத்துக்காட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘சைட்டேஷன்’ என்று பெயர். இந்த எண்ணுக்கு அடிப்படையான அதுதான் சிக்கலான சொல். இலத்தீன் மூலத்தில் அதற்கு ‘அழைத்து நிறுத்துதல்’ என்று பொருள். நீதிமன்ற அழைப்பாணையையும் குறித்தது. பிறகு, வாதத்துக்குத் துணையாக முந்தைய தீர்ப்பை அழைப்பதற்கும் அதுவே பெயராயிற்று. எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று பார்க்க உதவும் ஷெப்பர்ட் பட்டியல் 1873இல் அமெரிக்காவில் தொடங்கியது. அந்த முறையை அறிவியல் கட்டுரைகளுக்குக் கொண்டுவரலாம் என்று தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார்; 1960களில் அதைச் செய்தும் காட்டினார்.

தமிழில் இதற்கு ‘மேற்கோள்’ பரவலாக வழங்குகிறது. ஆனால் மேற்கோள் என்றதும் பிறர் சொற்களை அப்படியே எடுத்துத் தருவதுதான் நினைவுக்கு வரும். ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட எடுக்காமல் எண்ணிட்டுக் காட்டினாலே போதும். ‘சான்று’ இன்னும் பொருந்தாது: ஒரு கட்டுரை தவறு என்று நிறுவுபவரும் அதைக் காட்டித்தான் ஆகவேண்டும்; கணக்கில் அதுவும் 1 கூடும். ஆகவே ‘மேற்சுட்டு’ என்பதே தகும். கட்டுரையின் கடைசியில் வருவது துணைநூற்பட்டியல்; அதில் பெயர் வந்த கட்டுரைக்குக் கிடைப்பது மேற்சுட்டு. முன்னது கொடுப்பது, பின்னது பெறுவது.

கணக்கிடுவது எளிது. கட்டுரைகளை மேற்சுட்டுகளின் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 41, 23, 12, 9, 6, 5, 2, 0. ஐந்தாவதற்கு 6 இருக்கிறது, தேறியது. ஆறாவதற்கு 5 மட்டுமே, அங்கே நின்றுவிடும். எச்-சுட்டெண் 5. முதல் கட்டுரையின் 41 நாளை 4000 ஆனாலும் விடை அதே 5தான். ஆறாவதற்கு ஒன்று கூடினால் 6 ஆகிவிடும். இன்றைய நிலையிலிருந்து 7ஐத் தொட ஐந்தாவதற்கு 1, ஆறாவதற்கு 2, ஏழாவதற்கு 5 என 8 மேற்சுட்டுகள் சரியான இடங்களில் விழவேண்டும். மொத்த மேற்சுட்டு சுட்டெண்ணின் வர்க்கத்தைப்போல் 3 முதல் 5 மடங்குவரை இருக்கும் என்று ஹிர்ஷ் கண்டார். இங்கே மொத்தம் 98, ஏறத்தாழ 4 மடங்கு.

கட்டுரைகளின் எண்ணிக்கையைச் சுட்டெண் ஒருபோதும் தாண்டாது. புவான்கரே ஊகம் என்ற புகழ்பெற்ற கணிதச் சிக்கலைத் தீர்த்த கணிதவியலாளர் பெரல்மான் 2002, 2003இல் ஆய்வாளர்கள் கட்டுரைகளை நேரடியாக வெளியிடும் ஆர்க்கைவ் இணையதளத்தில் இட்டவை 3 கட்டுரைகள். அவற்றை உலகமே சுட்டினாலும், அவற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 3க்கு மேல் வராது. ‘தரக் குறியீடு’ என்று இதை மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

எண் பிழைபடுவது பெரும்பாலும் தரவில். கணினியியலில் ஒரே ஆய்வு முன்பதிப்பாகவும் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்) மாநாட்டுக் கட்டுரையாகவும் இதழ்க் கட்டுரையாகவும் வெளிவரும். மேல் வரிசையில் 5 உள்ள ஆறாவது கட்டுரை 3, 2 எனப் பிரிந்து கிடந்திருந்தால் பட்டியல் நீளுமே தவிர, அதற்கு இன்னொரு மேற்சுட்டு கிடைத்தாலும் சுட்டெண் 6ஐ எட்டாது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் இரண்டு பதிவுகளையும் தேர்ந்தெடுத்து ஒன்றிணைத்துவிடலாம். ஒரே தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட இன்னொருவரின் கட்டுரை உள்ளே வந்துவிட்டால் எண் பொய்யாக ஏறும். இதைத் தவிர்க்கத்தான் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்க்கிட் அடையாள எண். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோப்பஸ் என்னும் இன்னொரு தரவுத்தளம் தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளையே எண்ணுவதால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும்.

கணிதத்தில் துணைநூற்பட்டியல் சிறியது, மேற்சுட்டுகள் மெதுவாகச் சேரும். அதனால் சிறிய கூட்டமே கணக்கைப் புரட்டிவிட முடியும். அதிகம் சுட்டப்படும் ஆய்வாளர் பட்டியலிலிருந்து 2023இல் அதை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் கணிதத்தையே விலக்கியதற்கு இதுதான் பின்னணி. கணிதவியலாளர் ஒருவரின் 15ஐ இயந்திரக் கற்றல் ஆய்வாளரின் 15உடன் ஒப்பிடுவது பொருளற்றது.

எழுதும்போது தரவுத்தளத்தையும் நாளையும் சேர்த்தே எழுதுங்கள்: ‘எச்-சுட்டெண் 5, மேற்சுட்டுகள் 98, கூகுள் ஸ்காலர், ஜூன் 2024’ என்பதுபோல.